இலையும் செபமாலையும்: யோசப் வாஸ் அடிகளாரின் முழுமனதான வாழ்வு

2015ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14ஆம் திகதி. தைப்பொங்கலுக்கு முதல் நாள். கொழும்பு காலிமுகத்திடலில் விடிவதற்கு முன்னரே மக்கள் வெள்ளம் திரண்டிருந்தது. பாப்பரசர் பிரான்சிஸ் அன்று காலை அங்கே திருப்பலி ஒப்புக்கொடுத்து, யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவிக்கவிருந்தார். ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் கூடியதாகப் பின்னர் பத்திரிகைகள் எழுதின. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக, குறிப்பேடும் பேனாவுமாக நின்றிருந்தேன்.

மன்னாரிலிருந்து இரவோடிரவாக பஸ்ஸில் வந்திருந்த வயோதிபத் தாய் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். கையில் செபமாலை. காலில் செருப்பில்லை. "யோசவாஸ் முனிவரை ஏன் அம்மா இவ்வளவு தூரம் தேடி வந்தீர்கள்?" என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் கேட்கும் வழமையான கேள்விதான். அற்புதம் ஒன்றைச் சொல்வார், குறித்துக்கொள்ளலாம் என்பது என் எதிர்பார்ப்பு. அவரோ சற்று யோசித்துவிட்டு, "தம்பி, அவர் ஒருத்தரையும் அடிச்சு உருட்டி வேதத்துக்குச் சேர்க்கேல்லை. வருத்தக்காரரைத் தூக்கினவர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் அன்றைய எனது செய்தியில் இடம்பெறவில்லை. பாப்பரசரின் உரைக்கும் பிரமுகர்களின் பெயர்ப் பட்டியலுக்குமே இடம் போதவில்லை. ஆனால் ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் அது என்னை விட்டு நீங்கவில்லை. ஒரு மனிதன் தன் சமயத்துக்குத் தன்னை முழுமையாக ஒப்புக்கொடுப்பது என்றால் என்ன? அந்த முழுமனது நாட்டுக்கும் அயலவனுக்கும் நன்மையாக முடிவது எப்போது, தீமையாக முடிவது எப்போது? இக்கேள்விகளுக்கு இந்த மண்ணின் வரலாற்றில் விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

இரு வீட்டுக் கதைகள்

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் போர்த்துக்கேயர் காலம் என்றாலே அம்மம்மா ஒரு கதை சொல்வார். யாழ்ப்பாணத்தில் பலருக்கும் தெரிந்த கதைதான். விரத நாளில் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு, அந்த இலையை வெளியே எறிந்தால் பறங்கிகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கூரை இறப்பில் செருகி மறைத்துவிடுவார்களாம். கர்ணபரம்பரைக் கதைதான் என்றாலும், அச்சத்தில் வாழ்ந்த ஒரு சமூகத்தின் நினைவு அதிலே உறைந்து கிடக்கிறது. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயர் வசமானது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. திருக்கேதீச்சரமும் திருக்கோணேச்சரமும் அவர்கள் காலத்திலேயே அழிந்தன.

இன்னொரு கதை கத்தோலிக்க வீடுகளில் சொல்லப்படுவது. அது இந்தக் கதையின் மறுபக்கம். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்கள் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். ஐரோப்பாவில் கத்தோலிக்கரோடு நெடுங்காலம் போரிட்டு வந்தவர்கள். கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக அறிவிக்கப்பட்டது. கத்தோலிக்கத் தேவாலயங்கள் ஒல்லாந்தரின் கோயில்களாகவும் பள்ளிகளாகவும் மாறின. ஞானஸ்நானமும் விவாகப் பதிவும் அவர்களுடைய சபையிலேயே நடைபெற வேண்டும். அரசாங்க உத்தியோகமும் அவர்களுடைய சபையைச் சேர்ந்தோருக்கே. ஆகவே பகலில் ஒல்லாந்தரின் பிரசங்கம் கேட்டு, இரவில் கதவடைத்துச் செபமாலை சொல்லும் ஒரு வாழ்க்கை ஆரம்பமானது.

முன்னர் இலையை மறைத்தார்கள். பின்னர் செபமாலையை மறைத்தார்கள். மறைத்தவர்கள் ஒரே மண்ணின் மக்கள். பெரும்பாலும் ஒரே மொழி பேசியவர்கள். மறைக்கச் செய்த இரு தரப்பாரும் கிறிஸ்துவின் பெயரையே உச்சரித்தவர்கள். அதற்கு முன்னர், 1544இல் மன்னாரில் புதிதாக மதம் மாறிய மக்கள் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொல்வித்தவன் நமது சங்கிலி மன்னன் என்பதையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கத்தின் காயத்தை மட்டும் எழுதுவது வரலாறாகாது.

1658இலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இலங்கைக் கத்தோலிக்கர் குருவானவர் இன்றியே வாழ்ந்தனர். ஒரு தலைமுறை முழுவதும் திருப்பலியைக் கண்ணாற் காணாமலே வளர்ந்தது. அந்த நிலையிற்றான் கோவாவிலிருந்து ஒருவர் புறப்பட்டார்.

வெறுங்காலோடு நடந்த குரு

யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்த கோவாவின் பெனோலிம் கிராமத்தில், தாயாரின் ஊரில் பிறந்தார். தந்தையின் ஊர் சங்கவாள். கொங்கணி பேசும் பிராமண குலத்திலிருந்து கத்தோலிக்கத்தைத் தழுவிய குடும்பம். போர்த்துக்கேயமும் இலத்தீனும் கற்று, கோவாவில் மெய்யியலும் இறையியலும் பயின்று, 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். நல்ல பிரசங்கி, ஒப்புரவு கேட்பதில் பொறுமைசாலி என்று பெயரெடுத்தார். குருவானதும் ஏழைகளைப்போல வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அக்காலக் கோவாவில் குருப்பட்டம் பெறுவது குடும்பத்துக்குக் கௌரவமும் வருமானமும் தரும் காரியம். அப்படியான சூழலில் பாதரட்சையைக் கழற்றுவது சிறிய காரியமன்று.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்த்துக்கேயரின் துறவற சபைகள் உள்நாட்டவரைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. தோலின் நிறமும் பிறந்த இடமும் அங்கே தடையாக நின்றன. பெரும் சபைகளின் கதவு மூடிக் கிடந்தபோது, கோவாவின் உள்நாட்டுக் குருக்கள் சிலர் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சமூகத்தை அமைத்தனர். 1685இல் யோசப் வாஸ் அவர்களோடு இணைந்து, அதனைப் புனித பிலிப்பு நேரியின் ஒறற்றோரியன் சபை முறையில் ஒழுங்குபடுத்தினார். வெள்ளையர் எவரும் இல்லாத, ஆசிய மண்ணில் ஆசியராலேயே தோற்றுவிக்கப்பட்ட சபை அது. பிற்காலத்தில் இலங்கைக்கு வந்த குருமாரை ஒன்றரை நூற்றாண்டு காலமாக அனுப்பிக்கொண்டிருந்தது அந்தச் சபையே.

இலங்கையில் குருவின்றித் தவிக்கும் மக்களைப் பற்றிய செய்தி அவருக்கு முன்னரே எட்டியிருந்தது. உடனடியாகப் புறப்பட விரும்பினார். திருச்சபை அதிகாரிகளோ 1681இல் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பினர். அங்கே கோவாவின் அதிகாரத்துக்கும் உரோமையின் நேரடிப் பிரதிநிதிக்கும் இடையே நடந்த அதிகாரப் போட்டியில் அவர் சிக்குண்டார். மூன்று ஆண்டுகள் அதைச் சமாளித்து, 1684இல் திரும்பினார். ஆசைப்பட்ட இடத்துக்குப் போக முடியாமல் அனுப்பிய இடத்தில் பணி செய்த அந்த மூன்று ஆண்டுகளையும் அவரது முழுமனதின் கணக்கில் நான் சேர்ப்பேன். நினைத்த உடனே ஓடுவது ஆர்வம். காத்திருந்து, கடமையை முடித்து, பிறகும் அதே எண்ணத்தோடு புறப்படுவதே உறுதி.

கூலியாக ஒரு பிரவேசம்

1686இல் யோவான் என்ற பணியாளர் ஒருவரோடு கோவாவிலிருந்து புறப்பட்டார். மலையாளக் கரையோரமாகப் பயணம் செய்து தூத்துக்குடியை அடைந்தார். ஒல்லாந்தர் அங்கேயும் இருந்தனர். குருவின் அங்கியைக் களைந்து, அரையில் ஒரு துண்டோடு கூலியாள் வேடத்தில் 1687இல் தோணியேறினார். புயலில் அகப்பட்ட தோணி மன்னார்ப் பக்கம் ஒதுங்கி, பின்னர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. பசியும் வயிற்றோட்டமும் இருவரையும் குற்றுயிராக்கியிருந்தன. தொற்றுநோய் என்று பயந்து ஊருக்குப் புறம்பேயுள்ள பற்றைக்காட்டில் அவர்களைக் கொண்டுபோய் விட்டார்களாம். பெண்ணொருத்தி கஞ்சி கொண்டுவந்து ஊற்றி அவர்களைப் பிழைக்கவைத்தாள் என்று சொல்லப்படுகிறது. அவளுடைய பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அவள் எந்தச் சமயத்தவள் என்பதும் தெரியாது. இலங்கைத் திருச்சபை மீண்டும் தளிர்த்ததற்கு அவளுடைய கஞ்சியும் ஒரு காரணம்.

உடல் தேறியதும் பிச்சைக்காரனாக வீடு வீடாகப் போனார். கழுத்தில் வெளித்தெரியும்படி செபமாலையை அணிந்துகொண்டார். அதைக் கண்டு முகம் மாறுபவர் யார், கண் கலங்குபவர் யார் என்று கவனித்தார். இப்படித்தான் அவர் தம் மக்களை அடையாளம் கண்டார். ஒரு பிராமணக் குலத்தவர் யாழ்ப்பாணத்தின் படலைகளில் பிச்சைக்காரனாய் நின்ற காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். எமது சமூகத்தில் சாதி என்பது எத்தகைய இரும்புச் சுவர் என்பதை அறிந்தவர்களுக்கே அவர் எதைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தார் என்பது விளங்கும்.

சில்லாலை மக்கள் அவரை ஏற்றுக்கொண்டனர். அக்கிராமம் ஒல்லாந்தரின் நெருக்குதலுக்கு மத்தியிலும் கத்தோலிக்கத்தை விடாமல் வைத்திருந்தது. அதை மையமாகக் கொண்டு இரண்டு ஆண்டுகள் இரவில் நடமாடினார். இருட்டில் திருப்பலி. விடியுமுன் வேறொரு ஊர். தமிழைக் கற்று, தமிழிலேயே போதித்தார். அவரை மறைத்து வைப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்பதை மறந்துவிடக்கூடாது. குருவின் துணிவைப் பாடும் நாம், தன் குடும்பம் முழுவதையும் பணயம் வைத்துக் கதவைத் திறந்த சில்லாலைக் குடியானவனின் துணிவைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

ஒரு தாவரவியல் அறிஞரின் மறுமுகம்

1689ஆம் ஆண்டு நத்தார் இரவு. திருப்பலிக்காகக் கூடிய மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்தனர். ஏறத்தாழ முந்நூறு பேர் கைதானதாக அடிகளாரின் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தலைவர்களாகக் கருதப்பட்ட எண்மர் கொடூரமாகக் கசையடிக்குள்ளாயினர். அவர்களில் ஒருவர் உயிரிழந்தார். ஏனையோர் அடிமை வேலைக்கு அனுப்பப்பட்டனர். அடிகளார் தப்பிவிட்டார்.

இந்த நடவடிக்கைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒல்லாந்தக் கம்பனியின் ஆணையாளர் ஹென்ட்ரிக் வான் றீட். இப்பெயர் தாவரவியல் படித்தவர்களுக்கு வேறொரு விதத்தில் அறிமுகமானது. மலையாளக் கரையின் மூலிகைகளையும் மரங்களையும் பற்றி 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற பெயரில் 12 தொகுதிகளை 1678 தொடக்கம் 1693 வரை வெளிவரச் செய்தவர் அவரே. அந்த மாபெரும் பணியில் அவருக்குத் துணை நின்றவர்கள் யார் தெரியுமா? இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர், றங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணிப் பிராமணர்கள், இவர்களோடு மத்தேயு என்ற இத்தாலியக் கத்தோலிக்கத் துறவி.

கொச்சியில் ஒரு கத்தோலிக்கத் துறவியோடும் கொங்கணிப் பிராமணரோடும் அமர்ந்து இலைகளை ஆராய்ந்த அதே மனிதர், யாழ்ப்பாணத்தில் கொங்கணிக் குலத்துக் கத்தோலிக்கக் குருவை வேட்டையாடினார். வான் றீட் அரக்கரல்லர். கம்பனிக்குள் ஊழலை ஒழிக்க அனுப்பப்பட்டவர். தம் கடமையை முழுமனதோடு செய்தவர். அவருடைய முழுமனது கசையடியில் போய் முடிந்ததற்குக் காரணம், அதன் கையில் அரச அதிகாரம் இருந்ததே. நம்பிக்கையும் ஆட்சியும் ஒரே கையில் சேரும்போது அடி விழுவது பெரும்பாலும் எளியவன் முதுகிலேயாகும்.

கண்டியில் ஒரு கைதி

1690இல் அடிகளார் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்கு வந்தார். 1692இல் கண்டியை நோக்கிப் புறப்பட்டார். ஒல்லாந்தருக்கு அஞ்சி ஓடிவந்த கத்தோலிக்கர் பலருக்குக் கண்டி இராச்சியமே புகலிடமாக இருந்தது. வாகொட்டை என்ற கிராமத்தில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். கத்தோலிக்க ஒல்லாந்து இல்லை, கத்தோலிக்கரைக் காத்த பௌத்த கண்டி இருந்தது என்பதை இனவாதம் பேசும் எத்தரப்பினரும் நினைவிற்கொள்வது நல்லது.

ஆனால் அங்கேயும் சோதனை காத்திருந்தது. கண்டியில் வாழ்ந்த லனெறோல் என்ற பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர், வருபவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனிடம் கோள் மூட்டினார். அடிகளார் விலங்கிடப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். கிடைத்த ஓய்வை அவர் வீணாக்கவில்லை. சிறையில் சிங்களம் கற்றார். நாளடைவில் காவல் தளர்ந்தது. சிறை வளவிலேயே ஒரு சிறு குடிசைக் கோயிலை அமைத்துக்கொண்டார்.

கடும் வரட்சியொன்றின்போது, மன்னனின் வேண்டுகோளின்படி அடிகளார் வெளியில் பீடம் அமைத்துச் சிலுவையை நட்டுச் செபித்தார் என்றும், பெருமழை கொட்டியது என்றும், அவரும் பீடமும் நனையவில்லை என்றும் கூறப்படுகிறது. இதை நம்புவோர் நம்பலாம். மழையை ஆராய்வது எனது தொழிலன்று. அதன்பின் கண்டி இராச்சியத்தில் தடையின்றிப் போதிக்க அவருக்கு அனுமதி கிடைத்தது என்பதே வரலாற்றுக்கு வேண்டிய செய்தி.

அம்மை கண்ட நகரம்

மழையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1697ஆம் ஆண்டு. கண்டி நகரில் பெரியம்மை பரவியது. அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்தேது? நோய் கண்ட வீட்டைவிட்டு உறவினர் ஓடினர். நோயாளிகள் காட்டோரத்தில் கைவிடப்பட்டனர். மன்னனும் பிரதானிகளும் நகரைவிட்டு நீங்கினர்.

யோசப் வாஸ் அடிகளார் நீங்கவில்லை. அவரது மருமகன் முறையான கர்வாலியோ அடிகளாரும் அவரோடு நின்றார். கைவிடப்பட்டவர்களுக்காகக் கொட்டில்கள் போட்டனர். கஞ்சி காய்ச்சினர். புண்களைக் கழுவினர். இறந்தவர்களைத் தாமே தூக்கிச் சென்று குழிவெட்டிப் புதைத்தனர். கத்தோலிக்கரா பௌத்தரா என்று பார்க்கவில்லை. ஒருநாள் இருநாள் சேவையன்று. மாதக்கணக்காக, நாளும் பல தடவை அந்தக் கொட்டில்களுக்கு நடந்தனர்.

தம்மை விலங்கிட்டுச் சிறைவைத்த நகரம் அது. ஓடியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 'உள்ள மக்களைக் காப்பாற்ற நான் உயிரோடிருக்க வேண்டும்' என்று நியாயம் சொல்லியிருக்கலாம். நாடு முழுவதற்கும் ஒருசில குருக்களே இருந்த நிலையில் அது பொய்யான நியாயமுமன்று. முழுமனதுக்கும் பாதிமனதுக்கும் உள்ள வேறுபாடு இத்தகைய இடத்திற்றான் வெளிப்படுகிறது. பாதிமனதிடம் எப்போதும் நல்ல நியாயங்கள் இருக்கும்.

முன்னர் இரந்து சோறு பெற்ற மனிதர், இப்போது கைவிடப்பட்டவர்களுக்குச் சோறூட்டினார். யாழ்ப்பாணத்துப் பற்றைக்காட்டில் பெயர் தெரியாத ஒரு பெண் ஊற்றிய கஞ்சி, பத்து ஆண்டுகளின் பின் கண்டிக் கொட்டில்களில் பரிமாறப்பட்டது என்று எண்ணிக்கொள்வேன்.

மறுத்த பதவியும் மறைந்த கல்லறையும்

நற்பெயர் வளர்ந்தது. உதவிக்குக் குருமார் வந்தனர். ஆயருக்கு நிகரான உயர் பதவியை அவருக்கு அளிக்கும் எண்ணம் உரோமைப் பிரதிநிதியிடம் எழுந்தபோது, அதை ஏற்க மறுத்தார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல எழுதினார். சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் அவர், 1742இல் போலவத்தையில் காலமானார். தமக்குப் பின்னால் பணி நிற்காமல் நடக்க வேண்டும், அது மக்களின் மொழியிலேயே நடக்க வேண்டும் என்பதில் யோசப் வாஸ் தெளிவாக இருந்தார் என்பதற்குக் கொன்சால்வெஸே சான்று.

கண்டி, புத்தளம், மன்னார், கொழும்பு, கிழக்குக் கரை என்று காட்டு வழியே நடந்து நடந்து அவரது உடல் தேய்ந்தது. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் காலமானார். வயது 59. இலங்கையில் காலடி வைத்த பின் அவர் கோவாவுக்குத் திரும்பவேயில்லை. கண்டியில் அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் அந்தக் கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. கோவாவில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் உயிர்பிழைத்து, கண்டி மண்ணில் அடையாளமின்றிக் கலந்துபோனார்.

ஒரு பத்திரிகையாளனின் சந்தேகங்கள்

இங்கே சில விடயங்களை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். யோசப் வாஸைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, ஒறற்றோரியன் குருமாரின் கடிதங்களிலிருந்தும், அதே சபையைச் சேர்ந்த செபஸ்தியாவோ டோ றேகோ எழுதி 1745இல் லிஸ்பனில் அச்சான வரலாற்றிலிருந்தும் வருவது. தம்மவரைப் பற்றித் தம்மவர் எழுதியது. அதில் புகழ்ச்சி கலந்திருக்கும். சாதாரண மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்களே எழுதிவைக்கவில்லை.

அவரது பணி சமயப் பரப்புரையும் ஆகும். பௌத்தரையும் சைவரையும் கத்தோலிக்கராக்குவதை அவர் நன்மையென நம்பினார். சைவனாகிய எனக்கு அந்த நம்பிக்கையில் உடன்பாடில்லை. கண்டியின் பெருந்தன்மையும் நிலைத்துவிடவில்லை. 1740களில் அங்கேயே கத்தோலிக்கருக்கு எதிரான நடவடிக்கைகள் எழுந்தன. கத்தோலிக்கர் மீதான சட்டத்தடைகள் ஆங்கிலேயர் ஆட்சியில் 1806இலேயே நீங்கின.

இவையெல்லாவற்றையும் கழித்த பின்னரும் எஞ்சுவது ஒன்றுண்டு. போர்த்துக்கேயர் கப்பலோடும் பீரங்கியோடும் வந்தனர். ஒல்லாந்தர் கட்டளைச் சட்டத்தோடும் கசையோடும் வந்தனர். யோசப் வாஸ் அரையில் ஒரு துண்டோடு வந்தார். அவருடைய நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர் முதலில் அவரேதான். மாறாதவனைத் தண்டிக்க அவரிடம் படையில்லை. மாறியவனுக்குக் கொடுக்க உத்தியோகமில்லை. அவரைக் கேட்டவன் கேட்டான், கேளாதவன் போனான். அம்மை வந்தபோது கேளாதவனுக்கும் கஞ்சி கிடைத்தது.

இறைவனை முழு இதயத்தோடு நேசிப்பதும் அயலவரை நேசிப்பதும் கிறிஸ்தவ நெறியின் இரு பெரும் கட்டளைகள் என்பர். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டவர்களால் இந்த உலகம் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. இதைக் கிறிஸ்தவத்துக்கு மட்டுமாகச் சொல்லவில்லை. எல்லாச் சமயத்துக்கும், சமயமில்லாத கொள்கைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முழுமனதான அர்ப்பணிப்பு என்ற சொற்றொடரைக் கேட்டாலே தலை வணங்கிய தலைமுறை எங்களுடையது. அதன் பெயரால் என்னென்ன நடந்தன என்பதையும் கண்டவர்கள் நாங்கள்.

ஏப்ரல் 21

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம், சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சர வீதியில் அமைக்கப்பட்ட வளைவு ஒன்றைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தனர். அது நடந்தது மாந்தையில். ஒல்லாந்தருக்கு அஞ்சிய கத்தோலிக்கர் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் ஓடியது அந்த மாந்தையிலிருந்தே. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அதே சொரூபம் மடுவிலிருந்து தேவன்பிட்டிக்கு மீண்டும் இடம்பெயர்ந்ததையும் நாம் கண்டோம். தம் தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய வரலாறுள்ள மக்களும், இலையைக் கூரையில் மறைத்த வரலாறுள்ள மக்களும் ஒரு வளைவுக்காக மோதிக்கொண்ட செய்தியைப் படித்தபோது மிகவும் வெட்கப்பட்டேன்.

அடுத்த மாதமே, ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் தேவாலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டைச் சுமந்து சென்றவர்களும் தம் கொள்கைக்குத் தம்மை முழுமையாகவே கொடுத்தவர்கள். உயிரைக் கொடுப்பதுதான் அர்ப்பணிப்பின் அளவுகோல் என்றால், அவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டிவரும். ஆகவே அளவுகோல் அதுவாக இருக்க முடியாது.

ஏப்ரல் 21 யோசப் வாஸ் அடிகளாரின் பிறந்த நாள். அவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ் 2025இல் காலமானதும் ஒரு ஏப்ரல் 21ஆம் திகதியிலேயே. தற்செயல்களுக்கு நான் பொருள் தேடுவதில்லை. ஆயினும் அந்தத் திகதி வரும்போதெல்லாம் இந்த மனிதரின் நினைவு எனக்குத் தானாகவே வந்துவிடுகிறது.

காலிமுகத்திடலில் அந்த மன்னார்த் தாய் சொன்னதையே நானும் சொல்லி முடிக்கிறேன். ஒருவருடைய பக்தியின் ஆழத்தை நான் அறியேன். அதை அளக்க எனக்குத் தகுதியுமில்லை. அவர் யாரை அடித்தார், யாரைத் தூக்கினார் என்று மட்டும் கேட்பேன். அந்தக் கேள்விக்கு முன்னால் நமது மன்னர்களும், பறங்கியரும், ஒல்லாந்தரும், அண்மைக் காலத்து நாமுங்கூடத் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது. கோவாவிலிருந்து வெறுங்காலோடு வந்த அந்த மனிதர் மட்டும் நிமிர்ந்து நிற்கிறார்.